டெஸ்க் போனுக்கு ஹெட்செட் வாங்கும் முன் போனைக் கவிழ்த்துப் பாருங்கள்

ஹெட்செட் தேடுகிறவர்கள் எது காதை அழுத்தாது, எதில் இரைச்சல் வராது என்றுதான் முதலில் பார்ப்பார்கள். அதெல்லாம் அப்புறம். எந்த ஹெட்செட் ஒத்துப்போகும் என்பதை முடிவு செய்வது மேஜையில் இருக்கும் போன்தான்.

படி 1: மாடல் எண், துளைகள்

போனின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் மாடல் எண் இருக்கும். ஓர் இலக்கம்கூட விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். சிஸ்கோ 8841, 8851 இரண்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் 8851-இல் ப்ளூடூத்தும் யூஎஸ்பியும் உண்டு. 8841-இல் இரண்டுமே கிடையாது.

அடுத்து துளைகள். ரிசீவரின் சுருள் வயர் செருகியிருக்கும் துளையைப் போலவே இன்னொரு துளை, ஹெட்செட் படம் போட்டு இருக்கிறதா? அதுதான் ஆர்ஜே9. டெலிபோன் லைனுக்கான ஆர்ஜே11 இதைவிட அகலமானது, குழப்பிக்கொள்ள வேண்டாம். சில போன்களில் 2.5 மி.மீ. வட்டத் துளை இருக்கும். மொபைல் இயர்போனின் 3.5 மி.மீ. பின் அதில் நுழையாது. யூஎஸ்பி துளை இருந்தால் அது ஹெட்செட்டை ஏற்குமா என்று மேனுவலில் பாருங்கள். பென்டிரைவுக்கு மட்டும் வைத்திருக்கும் மாடல்களும் உண்டு.

ஹெட்செட்டுக்குத் தனித் துளையே இல்லையென்றால் ரிசீவர் துளையில்தான் செருக வேண்டும். அப்போது ஒவ்வொரு அழைப்புக்கும் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்தால்தான் லைன் கிடைக்கும்.

படி 2: நுழைந்தால் மட்டும் போதாது

பலரும் ஏமாறும் இடம் இதுதான். ஆர்ஜே9 முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்குக்குள் நான்கு மெல்லிய வயர்கள் தெரியும். இரண்டு மைக்குக்கு, இரண்டு ஸ்பீக்கருக்கு. எந்த இரண்டு எதற்கு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரு பிராண்டுக்கான வயர் இன்னொரு பிராண்டு போனில் கச்சிதமாக உட்காரும், ‘டிக்’ என்று சத்தமும் வரும். ஆனால் நீங்கள் பேசுவது எதிர்முனைக்குக் கேட்காது, அல்லது காதில் வெறும் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல். ஹெட்செட் கெட்டுவிட்டது என்று நினைத்துத் திருப்பி அனுப்புவார்கள். கோளாறு வயர் வரிசையில் இருக்கும்.

இதனால்தான் அலுவலக ஹெட்செட்டுகள் இரண்டு துண்டாக வருகின்றன: தலையில் மாட்டும் பகுதி ஒன்று, போனுக்குப் போகும் கீழ்வயர் ஒன்று. நடுவில் இருக்கும், சட்டென்று கழற்றி மாட்டக்கூடிய இணைப்பியை க்யூடி (குவிக் டிஸ்கனெக்ட்) என்பார்கள். போனை மாற்றினால் கீழ்வயரை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் ஹெட்செட் கம்பெனிகளில் ஜாப்ராவின் க்யூடி வேறு, பாலியின் க்யூடி வேறு, ஒன்றோடொன்று பொருந்தாது. (பழைய பெட்டிகளில் பிளான்ட்ரானிக்ஸ் என்று இருந்தால் அதுவும் பாலி குடும்பம்தான்.) எந்த போன் என்று தெளிவாகத் தெரியவில்லையா? ஜாப்ரா ஜிஎன்1200 வயரில் 8 நிலை சுவிட்ச் உண்டு. குரல் தெளிவாகும் வரை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்க்கலாம்.

படி 3: வயர்லெஸ் வேண்டுமா?

எழுந்து நடந்துகொண்டே பேச வேண்டும் என்றால் மட்டும் இதற்குப் போங்கள். டெக்ட் (கார்ட்லெஸ் போன்களில் இருக்கும் ரேடியோ முறை) வகை ப்ளூடூத்தைவிடத் தூரம் எட்டும். வெளிநாட்டிலிருந்து வாங்கி வரச் சொல்லாதீர்கள், அலைவரிசை ஊருக்கு ஊர் மாறும்: ஐரோப்பிய டெக்ட் 1880–1900 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 1920–1930.

வாங்கும்போது மறந்துபோவது ஈஹெச்எஸ் வயர், அதாவது ஹெட்செட் பட்டனிலிருந்தே போன் அழைப்பை எடுக்க வைக்கும் வயர். அது இல்லாவிட்டால் ஹெட்செட்டின் பட்டனை அழுத்தினாலும் போன் அழைப்பை எடுக்காது. மேஜைக்கு ஓடி வந்து போனில் அழுத்த வேண்டும். அப்புறம் வயர்லெஸ் எதற்கு? இந்த வயரும் போன் மாடலைப் பொறுத்தது, பெரும்பாலும் தனியாகத்தான் வாங்க வேண்டும். போன் ஈஹெச்எஸ்ஸை ஏற்காது என்றால், ரிசீவரை உயர்த்தும் லிஃப்டர் என்ற சின்ன மோட்டார் கருவி கிடைக்கும். வேலை செய்யும், ஆனால் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. கொஞ்சம் நகர்ந்தாலும் மறுபடி சரிசெய்ய வேண்டும்.

படி 4: ஒரு காதா, இரண்டு காதா

பக்கத்தில் இருப்பவர் கூப்பிட்டால் கேட்க வேண்டும் என்றால் ஒரு காது. கூச்சலான கூடம் என்றால் இரண்டு காது. இரைச்சல் தடுக்கும் மைக் இரண்டிலும் இருக்கட்டும்.

படி 5: சோதனை அழைப்பு

மொபைலுக்கு ஒரு அழைப்பு போட்டு, அதைச் சக ஊழியரிடம் கொடுத்துப் பேசச் சொல்லுங்கள். இரு பக்கமும் கேட்டால் வயர் சரி. உங்கள் குரல் மட்டும் சன்னமாகப் போனால், மைக்கை வாயோரத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு போன் மெனுவில் ஹெட்செட்டின் மைக் அளவைக் கூட்ட வழி இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் உதவாவிட்டால் கீழ்வயரின் மாடல் எண்ணை, ஹெட்செட் கம்பெனி தளத்தில் உள்ள பொருத்தப் பட்டியலோடு ஒப்பிட்டுவிட்டு கடைக்காரரைக் கூப்பிடுங்கள்.