கணித வகுப்பில் எக்செல்லும் ஜியோஜீப்ராவும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்மையில் கிருஷ்ணகிரியில், புதிதாகப் பணியில் சேர்ந்த கணித ஆசிரியர்கள் சிலர் உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் பாடம் நடத்தியதைக் கடைசி வரிசையில் அமர்ந்து பார்த்தேன். ஒரு காலத்தில் நான் செய்த பிழைகளையே அவர்களும் செய்தார்கள். அடைப்புக்குறியை மறப்பது, எண்ணை மாற்றித் தட்டுவது போன்றவை பழகப் பழகச் சரியாகிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

திட்ட விலக்கத்துக்குத் தவறான கட்டளை

எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியுள்ளன என்பதைக் காட்டும் திட்ட விலக்கத்துக்கு, பத்தாம் வகுப்புப் பாடநூல் சராசரியிலிருந்து ஒவ்வோர் எண்ணும் விலகும் அளவுகளின் வர்க்கக் கூடுதலை உறுப்புகளின் எண்ணிக்கையால் வகுத்து வர்க்கமூலம் காணச் சொல்கிறது. எக்செல்லில் ‘ஸ்டிடெவ்’ (STDEV) என்று மட்டும் கொடுத்தால், அது எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து வகுக்கும்.

பாலக்கோடு பக்கம் ஒரு பள்ளியில் பணியாற்றியபோது, ஒரு விவசாயி ஐந்து நாள்களில் சந்தைக்கு அனுப்பிய தக்காளிப் பெட்டிகள் 40, 44, 46, 48, 52 என்று கொடுத்துத் திட்ட விலக்கம் கேட்டிருந்தேன். சராசரி 46, வர்க்கக் கூடுதல் 80. அதை 5 ஆல் வகுத்து வர்க்கமூலம் கண்டால் 4. ஒரு மாணவி அப்படியே எழுதியிருந்தாள். திரையில் 4.47 என்று வந்ததால் அவளுடைய விடையை நான் அடித்துவிட்டேன். மூன்று முறை திரும்பப் போட்டும் 4 என்றே வந்ததால், தனக்குக் கணக்கே வராது என்று அவள் அழுதாள். கணினி 80ஐ 4 ஆல் வகுத்திருந்தது என்பது அன்று மாலைதான் எனக்குப் புரிந்தது. மறுநாள் வகுப்பின் முன்னிலையில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

கிருஷ்ணகிரியிலும் இதே வேறுபாடு திரையில் வந்தது. ஆசிரியர் அதைத் தோராயப்படுத்தியதில் வந்த வேறுபாடு என்று சொல்லி அடுத்த கணக்குக்குப் போனார். 4க்கும் 4.47க்கும் இடையே உள்ள இடைவெளி தோராயத்தால் வருவதன்று. ஒன்றைக் குறைத்து வகுப்பது, கையில் இருப்பது ஒரு கூறு (மாதிரி) மட்டும் என்னும்போது, அது எடுக்கப்பட்ட முழுமைத்தொகுதியின் பரவலை மதிப்பிடுவதற்கான பெசல் திருத்தம். பாடநூல் கணக்குக்கு ‘ஸ்டிடெவ்.பி’ என்ற கட்டளையே பொருந்தும். டெஸ்மாஸ் என்னும் இணைய வரைபடக் கருவியிலும் ‘பி’ சேர்ந்த கட்டளையைத்தான் எடுக்க வேண்டும். ஜியோஜீப்ரா என்னும் கணித மென்பொருளின் புள்ளியியல் அட்டவணையில் சிக்மா, எஸ் என இரண்டு மதிப்புகள் வரும், அவற்றில் சிக்மாவைப் படியுங்கள்.

கோட்டு விளக்கப்படம்

ஓர் அளவு கூடும்போது மற்றொன்றும் அதே விகிதத்தில் கூடும் நேர் மாறுபாட்டுக்கு 1, 2, 5, 10 என மதிப்புகளை எடுத்து எக்செல்லின் கோட்டு விளக்கப்படத்தில் வரைந்தால், அது கிடைமட்ட அச்சின் எண்களை வெறும் பெயர்களாகக் கருதிச் சம இடைவெளியில் வைத்துவிடுவதால், நேர்கோடு முறிந்து வளைகிறது. எண்களை அவற்றின் மதிப்புக்கேற்ற இடத்தில் வைக்கும் ‘ஸ்கேட்டர்’ வகையைத் தேர்ந்தெடுங்கள்.

அச்சுகளின் அளவுத்திட்டம்

ஓர் அச்சை மட்டும் இழுத்துவிட்டால் வட்டம் நீள்வட்டமாகத் தெரியும். வரைபடத் தாளில் எழுதுவதைப் போலவே திரையின் அளவுத்திட்டத்தையும் மாணவர்களை எழுதச் சொல்லுங்கள்.

இணையம்

அஞ்செட்டி மலைப்பகுதிக்குப் போகிறவர்கள், இணையம் கிடைக்காமல் போனாலும் பாடம் நடத்த, ஜியோஜீப்ராவை முன்பே கணினியில் நிறுவிக்கொள்ளுங்கள்.