பழைய பேஸ் கிட்டாரை வீட்டிலேயே ஃப்ரெட்லெஸ் ஆக்குவது எப்படி?

மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில் வரை, எங்கள் பக்கத்தில் கோயில் பாடகர் குழுவில் பேஸ் வாசிக்கிற பிள்ளைகள் நிறைய. நல்ல கிட்டார் ஒன்று வாங்கியதும் முதலில் வாங்கிய மலிவான கிட்டார் கட்டிலுக்கடியில் போய்விடும். அதை வெளியே எடுங்கள். வயலினிலும் கோட்டுவாத்தியத்திலும் ஒரு சுரம் இன்னொன்றுக்குள் குழைந்து போகிறதே, அந்தக் குழைவு பேஸில் வர வேண்டுமென்றால் ஃப்ரெட், அதாவது கிட்டார் கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகள், போக வேண்டும். அவை இல்லாத கிட்டார்தான் ஃப்ரெட்லெஸ்.

ஃப்ரெட்டைப் பிடுங்குவது ஒரு மாலை நேர வேலை. பிடுங்கிய இடத்தில் மிஞ்சும் காடிகளை, அதாவது ஒடுங்கிய பள்ளங்களை, அடைப்பதில்தான் முழுக் கவனமும் வேண்டும். பலர் பிடுங்கியதோடு சந்தோஷப்பட்டு, மரப்பட்டியை (மர விரிசலை அடைக்கும் மாவு) அப்பிவிட்டுக் கம்பியை மாட்டுகிறார்கள். ஒரு மாதத்தில் கழுத்து வளைகிறது. இந்த விளக்கத்தில் அந்தப் பகுதிக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

இது புதுப் பைத்தியமும் இல்லை. பின்னாளில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவில் பேஸ் வாசித்த பில் வைமன் 1961இலேயே தன் பேஸில் ஃப்ரெட்டைப் பிடுங்கிவிட்டார். ஆம்பெக் நிறுவனம் 1966இல் ஃப்ரெட்லெஸ் பேஸைத் தயாரித்து விற்றது. அமெரிக்க ஜாஸ் பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸின் 1962 ஃபெண்டர் ஜாஸ் பேஸில் காடிகளை மரப்பட்டியால் அடைத்து, மேலே படகுக்குப் பூசும் எப்பாக்சி என்ற கெட்டியாக இறுகும் பிசினைப் பூசியிருந்தார்கள். குளச்சலிலும் முட்டத்திலும் படகு பார்த்து வளர்ந்த நமக்கு இதைக் கேட்கும்போதே ஒரு நெருக்கம் வருகிறது.

எந்தக் கிட்டார், எந்த மாதம்

கழுத்து ஸ்க்ரூவால் பொருத்தப்பட்ட கிட்டாராக இருக்கட்டும். ஃப்ரெட் பதித்த மேல்பலகையான ஃப்ரெட்போர்டின் ஓரத்தில் பிளாஸ்டிக் பட்டை ஒட்டிய கிட்டார் முதல் முயற்சிக்கு வேண்டாம். அதில் காடி ஓரம் வரை வராது, அடைப்பது சிரமம். கழுத்துக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் இரும்புக் கம்பியான ட்ரஸ் ராட் இரண்டு பக்கமும் சுலபமாகத் திரும்புகிறதா என்று முதலிலேயே பாருங்கள். அது இறுகிப்போயிருந்தால் அந்தக் கிட்டாரை விட்டுவிடுங்கள்.

நமக்கு ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை. அந்த மாதங்களில் மரம் ஈரத்தைக் குடித்திருக்கும், எப்பாக்சியும் சரியாக இறுகாமல் மேலே பிசுபிசுப்பு நிற்கும். மாசி, பங்குனிதான் நல்ல காலம்.

சாமான்கள்

கோட்டாறு கடைத்தெருவிலோ உங்கள் ஊர் ஹார்டுவேர் கடையிலோ எல்லாம் கிடைக்கும். ஆணி பிடுங்கும் குறடு, சால்டரிங் அயன், மாஸ்கிங் டேப், கூர்மையான உளி, சிறிய அரம், ஃபெவிக்விக், 150 முதல் 600 வரை உப்புத்தாள். பிளைவுட் கடையில் அரை மில்லிமீட்டர் கனமுள்ள வெனீர்த் துண்டு (மெல்லிய மரத்தாள்) கேளுங்கள். வெட்டி மிஞ்சியதே போதும்.

குறடை அப்படியே பயன்படுத்த முடியாது. அதன் வாய் முனையில் சரிவு இருக்கும். ஃப்ரெட்டுக்கு அடியில் நுழையாது. கிரைண்டரில் முனையைத் தட்டையாகத் தேய்த்து வாங்குங்கள்.

பிடுங்குவது

கம்பிகளைக் கழற்றி, கழுத்தைத் தனியாக எடுத்துவிடுங்கள். கம்பியின் இழுப்பு போனதும் கழுத்து கொஞ்சம் பின்பக்கம் வளையும். ட்ரஸ் ராடைக் கால் சுற்று கால் சுற்றாகத் தளர்த்தி, ஒரு நேரான ஸ்கேலை வைத்துப் பார்த்து நேராக்குங்கள்.

இனி சூடு. சால்டரிங் அயனை ஃப்ரெட்டின் மேல் வைத்து இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை மெதுவாக நகர்த்துங்கள். ஒரு நிமிடமாவது வேண்டும். உள்ளே பசை இருந்தால் இளகும், மரமும் கொஞ்சம் இணங்கிக் கொடுக்கும். ஃப்ரெட் ஓரமாக விரலால் ஒரு துளி தண்ணீர் தடவி வைத்தால் மரம் சில்லுப் பெயர்வது குறையும்.

சூடு ஆறுவதற்குள் குறடை ஓரத்தில் வைத்து அழுத்துங்கள். மேலே இழுக்கக் கூடாது. அழுத்துவது மட்டும்தான், குறடின் வாய் மூட மூட ஃப்ரெட் தானாகவே எழும். கொஞ்சம் எழுந்ததும் அடுத்த அரை சென்டிமீட்டருக்கு நகருங்கள். ஃப்ரெட்டின் கீழ்ப்பகுதியில் சின்னச் சின்ன முட்கள் உண்டு, அவைதான் மரத்தைப் பிடித்திருக்கின்றன. வெடுக்கென்று இழுத்தால் அவை மரத்தையும் சேர்த்துக்கொண்டு வரும். என் முதல் கிட்டாரில் மூன்றாவது ஃப்ரெட்டை நான் சூடு காட்டாமல் பிடுங்கினேன். ஒரு அரிசி அளவுக்குச் சிராய் பெயர்ந்து வந்தது. அப்படி வந்தால் தேடி எடுத்து அதே இடத்தில் உடனே ஃபெவிக்விக் வைத்து ஒட்டிவிடுங்கள். தேய்த்த பிறகு இடம் தெரியாது.

பெரும்பாலான பேஸில் 20 முதல் 24 ஃப்ரெட் இருக்கும். அவசரம் வேண்டாம்.

காடி அடைப்பது

ஒவ்வொரு ஃப்ரெட்டும் ஒரு சிறிய ஆப்பு மாதிரி மரத்தை இரண்டு பக்கமும் தள்ளிக்கொண்டு இருந்தது. இப்போது அந்த ஆப்பு போய், கழுத்தின் மேற்பரப்பில் இருபது அறுப்பு வாய்கள் மட்டும் திறந்து நிற்கின்றன. கம்பியை மாட்டியதும் இழுப்பில் அந்த வாய்கள் மூடப் பார்க்கும், கழுத்து முன்னால் வளையும். அதனால் அடைக்கும் பொருள் கெட்டியாகவும், காடியில் இறுக்கமாகவும் இருக்க வேண்டும். மரப்பட்டி மென்மையானது, காய்ந்தால் சுருங்கும். அதனால்தான் வெனீர்.

கத்தி நுனியால் காடியில் உள்ள பழைய பசையையும் தூசியையும் சுரண்டி எடுங்கள். வெனீரை ஐந்து மில்லிமீட்டர் அகலத்தில், ஃப்ரெட்போர்டைவிடக் கொஞ்சம் நீளமாக வெட்டுங்கள். வெட்டும் திசையைப் பற்றி எங்கள் பக்கத்து வீட்டு ஆசாரி பாட்டா சொன்னதைத்தான் நான் இன்றுவரை பின்பற்றுகிறேன்: "மக்களே, நாரு காடியோட நீளத்துக்கு ஓடணும். குறுக்க வச்சா தட்டுத போதே ஒடிஞ்சு போவும்."

வெளிர் நிற மரம் எடுத்தால் கோடு பளிச்சென்று தெரியும். முதல் ஃப்ரெட்லெஸுக்குக் கோடு வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கோடு இல்லாத கழுத்து அழகுதான், ஆனால் காது பழகும்வரை கண்ணுக்கும் ஒரு பிடி தேவை.

பட்டையைக் காடியில் அடி வரை இறக்குங்கள். லேசாகத் தட்டித்தான் இறங்க வேண்டும், தளர்வாக ஆடக் கூடாது. எல்லாம் இறங்கிய பின் இரண்டு பக்கமும் ஃபெவிக்விக்கை ஓடவிடுங்கள். அது தானாகவே உள்ளே உறிஞ்சப்படும். தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையை நான் தவிர்க்கிறேன். இருபது காடியிலும் ஒரே நேரத்தில் ஈரம் இறங்கினால் மரம் உப்பிக் கழுத்தைப் பின்பக்கம் வளைத்துவிடும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். வழிந்த ஃபெவிக்விக்கைப் பருத்தித் துணியால் துடைக்க வேண்டாம். பருத்தி பட்டால் அது கொதிக்கக் கொதிக்கச் சூடாகும்.

ஒரு நாள் விட்டு, உளியால் மிச்சத்தைச் சீவுங்கள்.

தேய்ப்பது, பூசுவது

ஃப்ரெட்போர்டு தட்டை அல்ல, வளைவானது. ஒரு எளிய வழி உண்டு: உப்புத்தாளை ஃப்ரெட்போர்டின் மேல் சொரசொரப்பு மேலே பார்க்க விரித்து, அதன்மேல் ஒரு மரக்கட்டையைக் கழுத்தின் நீளவாக்கில் தேயுங்கள். கட்டையின் அடிப்பக்கம் அதே வளைவுக்கு வந்துவிடும். அப்புறம் அந்தக் கட்டையில் உப்புத்தாளை ஒட்டி 150, 240, 400, 600 என்று நீளவாக்கிலேயே தேய்த்து முடியுங்கள்.

ஈட்டி மரமென்றால் ஆளிவிதை எண்ணெய் இரண்டு கை பூசினால் முதல் கிட்டாருக்குப் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது காயவே காயாது, பிசுக்காகி அழுக்குப் பிடிக்கும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் வெளியில் விரித்துக் காயவிடுங்கள். சுருட்டிய துணி தானே சூடாகித் தீப்பிடிக்கும்.

எப்பாக்சி ஆசை இருந்தால் ஒரு எச்சரிக்கை. ஃபைபர் படகு வேலை நடக்கிற இடத்தில் "ரெசின்" என்று கேட்டால் பெரும்பாலும் பாலியெஸ்டர் ரெசினைத்தான் கொடுப்பார்கள். அது எண்ணெய்ப் பசையுள்ள மரத்தில் சரியாக ஒட்டாது. எப்பாக்சி என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

நட்டை இறக்குவது

இதை மறந்தவர்கள்தான் "விரல் வலிக்கிறது, சுதி ஏறுகிறது" என்று ஃப்ரெட்லெஸையே வெறுத்துவிடுகிறார்கள். ஃப்ரெட்டின் உயரம் சுமார் ஒரு மில்லிமீட்டர். அது போய்விட்டதால் நட், அதாவது கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் சிறிய கட்டை, அவ்வளவு உயரத்தில் தேவையில்லாமல் நிற்கிறது. பக்கவாட்டில் மெதுவாகத் தட்டி நட்டைக் கழற்றுங்கள். கண்ணாடிப் பலகையில் உப்புத்தாளை வைத்து அதன் அடிப்பக்கத்தைத் தேயுங்கள். நான்கு கம்பியும் ஒரே அளவில் இறங்கும். கொஞ்சம் தேய்த்து, மாட்டிப் பார்த்து, மறுபடி தேய்த்து என்று போங்கள். நட்டுக்குப் பக்கத்தில் கம்பிக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு உரசிக்கொண்டு நுழைந்தால் நிறுத்திவிடலாம். ஏதாவது ஒரு கம்பி மட்டும் உயரமாக நின்றால் அந்தப் பள்ளத்தை மட்டும் அரத்தால் இறக்குங்கள்.

கிட்டாரின் உடம்பில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜையும் அதற்கேற்ப இறக்குங்கள். அது அடி தட்டிவிட்டால், கழுத்து உட்காரும் குழியில் பிரிட்ஜ் பக்க ஓரமாக ஒரு கார்டுத் துண்டை வையுங்கள். கழுத்து பின்னால் சாயும், கம்பி இறங்கும்.

கம்பி, புள்ளி, சுதி

தட்டையாகச் சுற்றிய கம்பி மாட்டுங்கள். உருண்டைச் சுற்றுக் கம்பி பூச்சில்லாத மரத்தை அரம் மாதிரி அரித்துவிடும். சுதி சேர்த்து, ஒரு நாள் இழுப்பில் விட்டு, ட்ரஸ் ராடைச் சரிசெய்து கழுத்தை ஏறத்தாழ நேராக வையுங்கள். கம்பி மரத்தை மெல்ல உரசும்போதுதான் ஃப்ரெட்லெஸுக்கே உரிய அந்த "ம்ம்வா" ஒலி பிறக்கிறது.

ஃப்ரெட் இருந்தபோது விரலை ஃப்ரெட்டுக்குச் சற்றுப் பின்னால் வைத்தீர்கள். இனி விரல் கோட்டின் மேலேயே விழ வேண்டும். கழுத்தின் பக்கவாட்டுப் புள்ளிகள் இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவில் இருப்பவை. அவற்றை நம்பினால் சுரம் தவறும். கோடு முடிகிற ஓரத்தில் வெள்ளைப் பெயிண்டால் புதிய புள்ளி வையுங்கள். 34 அங்குல பேஸில் 12ஆவது கோடு நட்டிலிருந்து 17 அங்குலத்தில் நிற்கும். அந்த இடத்தில் கம்பியை லேசாகத் தொட்டு வரும் ஹார்மோனிக்கும், கோட்டில் அழுத்தி வரும் சுரமும் ஒன்றாக ஒலிக்கிறதா என்று பார்த்து, பிரிட்ஜில் நீளத்தைச் சரிசெய்யுங்கள்.

பழகுவதற்குச் சுதிப்பெட்டி போதும். செல்பேசியில் தம்புரா ஒலியை டி-யில் வைத்துவிட்டு, திறந்த டி கம்பியிலிருந்து ஏ-க்கு மெதுவாக வழுக்கிப் போய் நில்லுங்கள். தம்புராவோடு சேராமல் ஒரு அலை அடிப்பது காதில் கேட்கும். விரலை மயிரிழை நகர்த்துங்கள். அலை அடங்கும் இடத்தில்தான் ஏ இருக்கிறது.