கீபோர்டும் கம்ப்யூட்டரும்: கேபிளிலும் ப்ளூடூத்திலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேபிளைச் செருகியதுமே இசைக் கீபோர்டின் சத்தம் கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் கேட்கும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. பெரும்பாலான கீபோர்டுகளின் யுஎஸ்பி வழியே போவது மிடி மட்டும்தான். எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள், எப்போது விரலை எடுத்தீர்கள் என்ற தகவல் அது. ஒலி அதில் துளியும் கிடையாது. கம்ப்யூட்டரின் இசை மென்பொருளில் ரெக்கார்ட் செய்ததும் திரையில் கோடு கோடாக விழுகிறது, ஆனால் சத்தமே இல்லை என்றால் கேபிளைச் சந்தேகிக்காதீர்கள். அந்த ட்ராக்கில் பியானோவோ வயலினோ ஏதாவது ஒரு மென்பொருள் கருவியை ஏற்றவில்லை, அவ்வளவுதான்.

யமஹா பிஎஸ்ஆர்-இ373, இ473 போன்ற சில மாடல்கள் அதே யுஎஸ்பி கேபிளில் ஒலியையும் அனுப்பும் (44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ). விண்டோஸில் இதற்கு யமஹா ஸ்டைன்பெர்க் யுஎஸ்பி டிரைவரை நிறுவியாக வேண்டும். இ473-இல் ஆடியோ லூப்பேக் என்றொரு அமைப்பு உண்டு. அதை ஆனில் விட்டால், கம்ப்யூட்டரில் ஓடும் பாட்டும் திரும்பி வந்து உங்கள் வாசிப்போடு சேர்ந்து பதிவாகிவிடும். வாசிப்பை மட்டும் எடுக்க வேண்டுமென்றால் அதை ஆஃப் செய்யுங்கள்.

கேபிள்

கீபோர்டின் பின்பக்கம் இரண்டு யுஎஸ்பி துளைகள் இருக்கலாம். ‘டு ஹோஸ்ட்’ என்று எழுதியிருக்கும் சதுரத் துளைதான் கம்ப்யூட்டருக்கு; பிரிண்டர் கேபிள் அதில் பொருந்தும். ‘டு டிவைஸ்’ என்பது பென்டிரைவுக்கானது. இரு முனையும் தட்டையாக உள்ள கேபிளை வாங்கி அதில் செருகிப் பார்க்கும் விபரீதம் வேண்டாம்.

கேசியோ சிடி-எஸ்300 போன்ற சிறிய கீபோர்டுகளில் இருப்பது மைக்ரோ யுஎஸ்பி. வீட்டில் கிடக்கும் பழைய சார்ஜர் கேபிளை எடுத்துச் செருகுவார்கள். கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. மின்சாரத்துக்கு மட்டும் கம்பி வைத்து, தகவலுக்கான இரண்டு கம்பிகளை விட்டுவிட்ட கேபிள்கள் ஏராளம். சோதிப்பது சுலபம்: அதே கேபிளில் ஒரு போனைக் கம்ப்யூட்டரோடு இணைத்து, போனில் ஃபைல் டிரான்ஸ்ஃபரைத் தேர்ந்தெடுங்கள். போட்டோக்கள் தெரிந்தால் கேபிள் சரி.

நீளம் 3 மீட்டருக்குள் இருக்கட்டும். கூடுமானவரை ஹப் (ஒரு யுஎஸ்பி துளையைப் பலவாக்கும் பெட்டி) வழியாக வேண்டாம், கம்ப்யூட்டரிலேயே நேராகச் செருகுங்கள். கீபோர்டை அணைத்த கையோடு மறுபடி போடுவதும் வம்பு. யமஹா கையேடுகள் 6 நொடியாவது இடைவெளி கேட்கின்றன. மென்பொருளைத் திறந்த பிறகு கீபோர்டை ஆன் செய்தால் பல மென்பொருள்களின் பட்டியலில் அது வராது. முதலில் கீபோர்டு, பிறகு மென்பொருள். வாசித்துக்கொண்டிருக்கும்போதே இணைப்பு அறுபடுகிறதா? விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி ரூட் ஹப்பின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்துக்குப் போய், மின்சாரத்தைச் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள்.

யுஎஸ்பி இல்லாத பழைய கீபோர்டுகளில் ஐந்து ஊசி மிடி துளைகள் இருக்கும். அவற்றுக்கு மிடியை யுஎஸ்பியாக்கும் மாற்றி தேவை. கீபோர்டின் ‘அவுட்’, மாற்றியின் ‘இன்’னுக்குப் போக வேண்டும். மலிவு மாற்றிக் கேபிள்கள் சிலவற்றில் ‘இன்’, ‘அவுட்’ என்பது அந்த முனையின் பெயராக இல்லாமல், கீபோர்டின் எந்தத் துளையில் அதைச் செருக வேண்டும் என்பதாக இருக்கும், அதனால் குழப்பம். வேலை செய்யாவிட்டால் இரண்டையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள், எதுவும் கெட்டுப்போகாது.

இரட்டைச் சத்தம்

ஒரு கட்டையை அழுத்தினால் கீபோர்டின் சொந்தக் குரலும், சற்றுப் பின்னால் கம்ப்யூட்டரின் குரலும் கேட்கும். இன்னொரு வகையில், மென்பொருள் வாங்கிய சுரத்தைக் கீபோர்டுக்கே திருப்பி அனுப்பும். ஒரே சுரம் இருமுறை ஒலித்து, குழாய்க்குள் இருந்து வருவதுபோல் மெலிந்து கேட்கும். கீபோர்டின் ஃபங்ஷன் மெனுவில் லோக்கல் கன்ட்ரோலை (கட்டைகளுக்கும் கீபோர்டின் சொந்தக் குரலுக்கும் உள்ள தொடர்பை) ஆஃப் செய்தால் இரண்டும் தீரும். அதன் பிறகு கேபிளைக் கழற்றிவிட்டு வாசித்தால் கீபோர்டு ஊமையாக இருக்கும். பழுது என்று கடைக்குத் தூக்கிப் போவதற்கு முன் லோக்கலை மறுபடி ஆன் செய்யுங்கள். பல மாடல்களில் அணைத்துப் போட்டாலே சரியாகிவிடும்.

தாமதம்

அழுத்தியதற்கும் ஒலிப்பதற்கும் இடைவெளி தெரிந்தால் உடனே கேபிளைத் திட்டுகிறார்கள். 1983-இல் வந்த மிடியே நொடிக்கு 31,250 பிட் அனுப்பும். ஒரு சுரத்துக்குத் தேவை 30 பிட், அதாவது ஒரு மில்லி நொடிக்கும் குறைவு. தாமதம் கம்ப்யூட்டருக்குள்தான் பிறக்கிறது. மென்பொருளின் ஆடியோ அமைப்பில் பஃபர் (ஒலியைச் சேர்த்துவைத்து மொத்தமாக அனுப்பும் அளவு) 1024 என்று இருந்தால், 44.1 கிலோஹெர்ட்ஸில் அது மட்டுமே 23 மில்லி நொடி. 256-க்குக் குறைத்தால் 5.8, 128 என்றால் 2.9. சத்தம் படபடவென்று வெடித்தால் ஒரு படி ஏற்றுங்கள். விண்டோஸில் ஆசியோ என்ற, தாமதத்தைக் குறைக்கும் ஆடியோ டிரைவர் இல்லாமல் இந்தக் கணக்கெல்லாம் பலிக்காது. ஆடியோ கார்டுக்கென்று தனி டிரைவர் இல்லையென்றால் ஆசியோ4ஆல் என்ற பொது டிரைவர் போதும்.

பஃபரைக் குறைத்த பிறகு ப்ளூடூத் ஹெட்போன் மாட்டிக்கொண்டால் எல்லாம் வீண். அதன் தாமதம் 100 மில்லி நொடியை எளிதாகத் தாண்டும். பாட்டுக் கேட்க அது போதும், வாசிக்க உதவாது. வயர் ஹெட்போன்தான் வழி.

ப்ளூடூத்

ப்ளூடூத் ஆடியோ வேறு, ப்ளூடூத் மிடி வேறு. பெட்டியில் ‘ப்ளூடூத்’ என்று மட்டும் போட்டிருந்தால், பெரும்பாலும் போனில் ஓடும் பாட்டைக் கீபோர்டு ஸ்பீக்கரில் கேட்கலாம் என்றே பொருள். வாசிப்பைக் கம்ப்யூட்டருக்கு அனுப்ப மிடி என்ற சொல்லும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கேசியோவின் டபிள்யூயு-பிடி10 அடாப்டர் இரண்டையும் செய்யும். ஆனால் ஆடியோ என்று முடியும் பெயரும் மிடி என்று முடியும் பெயரும் தனித்தனியாகத் தெரியும். போனின் ப்ளூடூத் பட்டியலில் ஆடியோவை இணைத்துவிட்டு, பியானோ செயலி ஏன் பேசவில்லை என்று காத்திருப்பதில் பயனில்லை. மிடியைச் செயலிக்குள்ளிருந்துதான் இணைக்க வேண்டும். மேக்கில் ஆடியோ மிடி செட்டப்பைத் திறந்து, அதிலுள்ள ப்ளூடூத் சாளரத்தில் கனெக்ட் கொடுங்கள்.

விண்டோஸில்தான் தலைவலி அதிகம். செட்டிங்ஸில் ‘இணைந்தது’ என்று வரும், இசை மென்பொருளில் பெயரே இருக்காது. விண்டோஸ் 10-இல் ப்ளூடூத் மிடி புதிய முறையில் சேர்ந்தது. பல மென்பொருள்கள் பழைய மிடி பட்டியலையே பார்க்கின்றன. மிடிபெர்ரி, லூப்மிடி என்ற இரண்டு சிறு மென்பொருள்களையும் நிறுவி, ப்ளூடூத்தில் வருவதை ஒரு போலித் துளைக்குத் திருப்பி, அந்தத் துளையை மென்பொருளில் தேர்ந்தெடுக்க வேண்டும். இவ்வளவு பாடுபடுவதற்கு 2 மீட்டர் கேபிள் மேல் என்பதே எங்கள் கட்சி.

ப்ளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸில். யுஎஸ்பி 3 துளையும் அதில் மாட்டிய ஹார்ட்டிஸ்கும் அந்த அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும். ப்ளூடூத் டாங்கிளை (யுஎஸ்பியில் செருகும் சிறு ப்ளூடூத் துண்டை) அவற்றை ஒட்டிச் செருகாமல், சிறிய நீட்டிப்புக் கேபிளில் தள்ளி வையுங்கள்.

கமகம்

கர்நாடக இசை வாசிப்பவர்கள் கவனிக்க வேண்டியது பிட்ச் பெண்ட், அதாவது சுரத்தை வளைக்கும் சக்கரம். சக்கரத்தை எவ்வளவு தள்ளினீர்கள் என்பதைத்தான் மிடி சொல்கிறது, எத்தனை சுரம் வளைய வேண்டும் என்பது ஒலியை உண்டாக்கும் கருவியின் அமைப்பு. கீபோர்டில் 4 அரைச்சுரம் வைத்துப் பழகிவிட்டு, மென்பொருளில் வழக்கமான 2-ஐ அப்படியே விட்டால், ரி-யிலிருந்து ம-வைத் தொட வேண்டிய கமகம் பாதியிலேயே நின்றுவிடும். இரண்டிலும் ஒரே எண்ணை வையுங்கள்.

வாசிக்கும்போது ப்ளூடூத் அறுந்தால், விரலை எடுத்த தகவல் போய்ச் சேராமல் சுரம் இழுத்துக்கொண்டே இருக்கும். அப்போது மென்பொருளை மூட வேண்டாம். பெரும்பாலானவற்றில் பேனிக் என்றொரு பட்டன் இருக்கிறது, எல்லாச் சுரங்களையும் ஒரே அடியில் நிறுத்திவிடும்.