நண்பர் எக்ஸ்டசி போட்டிருக்கிறார், நீங்கள் போடவில்லை: விடியும்வரை என்னென்ன பார்க்க வேண்டும்

இதை மாத்திரை போடப்போகிறவருக்காக எழுதவில்லை. போட்டவர் பக்கத்தில் போடாமல் நிற்கிறாரே, அவருக்காக எழுதுகிறேன். ஏனென்றால் எக்ஸ்டசி ஏறிய ஆளிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டால் எப்போதும் ஒரே பதில்தான் வரும்: "சூப்பரா இருக்கேன்." உடம்பு உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருக்கும்போதும் அதையேதான் சொல்வார், பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை, அவருக்கு நிஜமாகவே அப்படித்தான் தோன்றும். அதனால் அவர் வாயைக் கேட்பதை விட்டுவிட்டு அவர் பின்கழுத்தில் கையை வைத்துப் பாருங்கள். இந்தக் கட்டுரையில் பாதி விஷயம் அதிலேயே இருக்கிறது.

எக்ஸ்டசி, மோலி, எம்டி என்று எந்தப் பெயரில் சொன்னாலும் சரக்கு எம்டிஎம்ஏதான், அல்லது எம்டிஎம்ஏ என்று சொல்லி விற்கப்படுவது. (இந்த "அல்லது" பெரிய விஷயம், பிறகு வருகிறேன்.) 1912-ல் ஜெர்மனியின் மெர்க் நிறுவனத்தில், ரத்தப்போக்கை நிறுத்தும் மருந்து ஒன்றைத் தேடும் வழியில் இடைப்பொருளாக உருவானது. பசியை அடக்கக் கண்டுபிடித்தார்கள் என்று ஒரு கதை சுற்றுகிறது, அது வெறும் கதை. 1970-களில் அமெரிக்காவில் சில மனநல மருத்துவர்கள் சிகிச்சையில் பயன்படுத்தினார்கள், அப்புறம் அது நடன அரங்குகளுக்குப் போனது, 1985-ல் அங்கே தடை வந்தது.

வேலை செய்யும் விதம் இதுதான். மூளை நரம்பணுக்கள் மனநிலையோடு தொடர்புடைய செரட்டோனின் என்ற ரசாயனத்தைச் சேமித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்கும், செலவழித்ததைத் திரும்ப உள்ளே இழுக்க ஒரு பம்பு மாதிரி அமைப்பும் உண்டு. எம்டிஎம்ஏ அந்தப் பம்பைத் தலைகீழாக ஓடவைக்கிறது. இருப்பில் பெரும்பகுதி ஒரே நேரத்தில் வெளியே கொட்டுகிறது. முன்பின் தெரியாதவரைக்கூடக் கட்டிப்பிடித்து "நீ என் உயிர்டா" என்று சொல்வது அதனால்தான். கூடவே உடம்பை உசுப்பிவிடும் நார்அட்ரினலினும் கொட்டும், ஆகவே இதயம் படபடக்கும், ரத்த அழுத்தம் ஏறும். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஏறும், இரண்டு மணி நேர அளவில் உச்சத்துக்குப் போகும், மொத்தத்தில் மூன்று முதல் ஆறு மணி நேரம் நிற்கும். கண்ணின் கருமணி விரிந்து நிறப்பகுதியே மெல்லிய வளையமாகிவிடும். தாடை இறுகும், பல்லை நறநறவென்று கடிப்பார், உதட்டையும் கன்னத்தின் உட்பக்கத்தையும் தெரியாமலே கடித்துப் புண்ணாக்கிக்கொள்வார். வியர்வை, சிறுநீர் சரியாகப் பிரியாமை, பசியின்மை, இவையெல்லாம் எதிர்பார்க்கக்கூடியவை. இவற்றைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஆனால் கவனிக்கத் தொடங்கும் நேரம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வேலை, அவர் எத்தனை மணிக்குப் போட்டார் என்பதை உங்கள் போனில் குறித்துக்கொள்வது.

சூடுதான் முதல் எதிரி

எம்டிஎம்ஏ உடம்பின் வெப்பத்தை ஏற்றுகிறது, ஏறிய வெப்பம் வெளியேறாதபடி தோலின் ரத்தக் குழாய்களையும் சுருக்குகிறது. அதோடு களைப்பு, தாகம், "போதும் உட்காரு" என்று உடம்பு சொல்கிற எல்லாவற்றையும் அமுக்கிவிடுகிறது. இப்போது ஆளை நெரிசலான, காற்றில்லாத அறையில் மூன்று மணி நேரம் ஆடவிட்டால் என்ன ஆகும்? உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டலாம். அதற்கு மேல் போனால் தசைகள் சிதைந்து அந்தக் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும், கல்லீரல் பாதிக்கப்படும், ரத்தம் உறையும் முறையே குழம்பி உடம்புக்குள் கண்ட இடத்தில் கசியும். சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அது தசை சிதைவின் அடையாளம், மறுநாள் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அதனால் அரை மணிக்கு ஒருமுறை ஏதாவது சாக்குச் சொல்லி வெளியே இழுத்து வாருங்கள். "போன் சார்ஜர் தேடணும் வா" என்றாலும் வருவார், அந்த நேரத்தில் எதற்கும் சம்மதிக்கிற மனநிலையில்தான் இருப்பார். தொப்பி, ஜாக்கெட்டைக் கழற்றச் சொல்லுங்கள், பத்து நிமிடம் உட்காரவையுங்கள். பின்கழுத்தைத் தொடுங்கள். வியர்த்து வெதுவெதுப்பாக இருந்தால் பரவாயில்லை. நெருப்பாகச் சுட்டால், பேச்சு குழறினால், இருக்கும் இடம் தெரியாமல் முழித்தால், வியர்வை நின்றுபோய்த் தோல் காய்ந்திருந்தால் ஆம்புலன்ஸ்தான், யோசனையே வேண்டாம். வியர்வை கொட்டுகிறதே, அப்படியானால் ஒன்றும் இல்லை என்றும் நினைத்துவிடாதீர்கள், கொட்டக் கொட்டவே வெப்பம் ஏறியவர்கள் உண்டு. பாராசிட்டமால் கொடுத்துப் பார்க்கலாமே என்று தோன்றும். இது காய்ச்சல் இல்லை, அந்த மாத்திரை இந்தச் சூட்டைக் குறைக்காது, கல்லீரலுக்குத்தான் கூடுதல் வேலை.

தண்ணீர், ஆனால் அளவாக

இதைத்தான் பெரும்பாலானோர் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். தண்ணீர் குடிக்காவிட்டால் ஆபத்து என்று கேள்விப்பட்டு, லிட்டர் கணக்கில் குடிக்கவைப்பார்கள். எம்டிஎம்ஏ உடம்பில் சிறுநீரைத் தடுக்கும் ஹார்மோனைக் கூட்டிவிடுகிறது. அதாவது உள்ளே போன தண்ணீர் வெளியே வராது. ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும், மூளை வீங்கும். இங்கிலாந்தில் 1995-ல் தன் பதினெட்டாவது பிறந்தநாள் கொண்டாட்டத்தில் ஒரு பெண் இறந்த செய்தி உலகம் முழுக்கப் பேசப்பட்டது. மாத்திரையில் விஷம் கலந்திருந்தது என்று நினைத்தார்கள், விசாரணையில் அவர் குறுகிய நேரத்தில் சுமார் 7 லிட்டர் தண்ணீர் குடித்திருந்தது தெரியவந்தது. பெண்களுக்கு இந்த ஆபத்து கூடுதல்.

கணக்கு எளிது. ஆடிக்கொண்டிருந்தால் மணிக்கு அரை லிட்டருக்கு மேல் வேண்டாம், சும்மா உட்கார்ந்திருந்தால் கால் லிட்டர் போதும், மடக் மடக்கென்று இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக. உப்பு கலந்த பானம் அல்லது ஓஆர்எஸ் கிடைத்தால் இன்னும் நல்லது, கூடவே கொறிக்க உப்புள்ள ஏதாவது.

ஒருமுறை நான் கழிவறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன், உள்ளே நண்பன் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். வந்தது வெறும் தண்ணீர், தெளிந்த தண்ணீர், குழாயைத் திறந்துவிட்ட மாதிரி. தலை வெடிக்கிறது என்றான். பக்கத்தில் இருந்த ஒருவர், பாவம் நல்ல எண்ணத்தில்தான், "டீஹைட்ரேட் ஆயிட்டான், இன்னும் தண்ணி குடுங்க" என்று பாட்டிலை நீட்டினார். நானும் வாங்கி நீட்டியிருப்பேன், அதுவரை கையில் காலியான பாட்டில்களை எண்ணியிருக்காவிட்டால். நான்கு பாட்டில். தலைவலி, வாந்தி, குழப்பம் என்று மூன்றும் சேர்ந்து வந்தால் தண்ணீரை நிறுத்திவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். அடுத்த கட்டம் வலிப்பு, அதுவரை காத்திருக்கக் கூடாது.

"இன்னும் ஏறல, இன்னொண்ணு போடுறேன்"

இந்த வாக்கியத்தைக் கேட்டால் உங்கள் காது விடைக்க வேண்டும். இரண்டு காரணம். ஒன்று, எம்டிஎம்ஏவை உடைக்கிற கல்லீரல் நொதியை எம்டிஎம்ஏவே முடக்கிவிடுகிறது. அதனால் இரண்டாவது மாத்திரை முதலாவதைப் போல இரண்டு மடங்கோடு நிற்காது, ரத்தத்தில் அதைவிட அதிகமாகச் சேரும். சந்தோஷம் கூடாது, சூடும் இதயத்துடிப்பும்தான் கூடும், ஏனென்றால் செரட்டோனின் இருப்பு ஏற்கெனவே பெரும்பாலும் காலி.

இரண்டாவது காரணம் இன்னும் மோசமானது. மாத்திரைக்குள் இருப்பது எம்டிஎம்ஏவே இல்லாமல் இருக்கலாம். பிஎம்ஏ, பிஎம்எம்ஏ என்று இரண்டு பொருள்கள் உண்டு, மெதுவாக ஏறும், மிதப்பு குறைவு, ஆனால் உடம்பைச் சூடேற்றுவதில் எம்டிஎம்ஏவைவிடக் கொடியவை. மெதுவாக ஏறுவதால் "டம்மி மாத்திரை" என்று நினைத்து இன்னொன்று போடுவார்கள், அப்புறம் இரண்டும் சேர்ந்து ஏறும். பல நாடுகளில் இப்படி இறந்திருக்கிறார்கள். தவிர மெத்தாம்பெட்டமின், காதினோன் வகைகள் (இரண்டும் உடம்பை உசுப்பிவிடும் போதைப்பொருள்கள்), வெறும் காஃபீன் என்று எதுவும் இருக்கலாம். மாத்திரையின் நிறம், மேலே பொறித்த படம், "போன தடவையும் இதான் போட்டேன்" என்பது எதுவும் ஒன்றையும் நிரூபிக்காது. சொட்டு விட்டு நிறம் பார்க்கும் சோதனைத் திரவங்கள் இருக்கின்றன. அவை ஒரு பொருள் இருக்கலாம் என்று காட்டும், எவ்வளவு இருக்கிறது என்றோ கூட வேறென்ன இருக்கிறது என்றோ சொல்லாது.

அடுத்து, வேறு என்ன சாப்பிடுகிறார் என்று கேளுங்கள். கூச்சப்படாமல் கேளுங்கள். மனச்சோர்வுக்கு எம்ஏஓஐ வகை மருந்து (ஃபீனெல்சின், மோக்ளோபெமைட் போன்றவை) எடுப்பவருக்கு எம்டிஎம்ஏ உயிரையே எடுக்கலாம். வலிக்குக் கொடுக்கும் டிராமடால், இருமல் மருந்திலுள்ள டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் இரண்டும் செரட்டோனினை எகிறவைப்பவை. எச்ஐவி சிகிச்சையில் வரும் ரிட்டோனவிர் எம்டிஎம்ஏவை உடம்பிலேயே தேக்கிவைக்கும். ஃப்ளூவாக்ஸெட்டின், செர்ட்ரலின் மாதிரி எஸ்எஸ்ஆர்ஐ வகை மனச்சோர்வு மருந்து எடுப்பவருக்கு மிதப்பே சரியாக வராது, அதனால் கூடுதலாகப் போடுவார். அதற்காக அந்த மருந்தை நான்கு நாள் நிறுத்திவிட்டு வருகிறேன் என்பவர்களும் உண்டு, இரண்டுமே முட்டாள்தனம். இதய நோய், உயர் ரத்த அழுத்தம், வலிப்பு, கல்லீரல் பிரச்சினை உள்ளவருக்கு ஒரே மாத்திரையே அதிகம். மது சேர்ந்தால் வறட்சி கூடும், எவ்வளவு குடித்தோம் என்ற கணக்கும் போய்விடும்.

செரட்டோனின் எல்லை மீறினால் கை கால் நடுங்கும், கால்கள் விறைக்கும், பாதத்தை மேல்நோக்கித் தள்ளினால் தானாகத் துடிதுடிக்கும், கண்கள் இங்குமங்கும் வெட்டி வெட்டி ஓடும், ஆள் நிலைகொள்ளாமல் தவிப்பார். இதுவும் மருத்துவமனைக்கான விஷயம்தான், தூங்கினால் சரியாகிவிடும் வகை இல்லை.

கூப்பிட்டாயிற்று, வண்டி வரும்வரை

அவசர எண்ணுக்கு அழைத்து, மூச்சு எப்படி, நினைவு இருக்கிறதா, உடம்பு சுடுகிறதா என்பதைச் சொல்லுங்கள். சூடு என்றால் நிழலான, குளிர்ந்த இடத்துக்கு மாற்றி, மேல்துணியை எடுத்து, தோலை நன்றாக நனைத்து விசிறுங்கள். பனிக்கட்டி கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள். நினைவில்லை ஆனால் மூச்சு இருக்கிறது என்றால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். வலிப்பு வந்தால் சுற்றியுள்ள பொருள்களை நகர்த்துங்கள், தலைக்கடியில் ஏதாவது மெத்தென்று வையுங்கள், வாய்க்குள் எதையும் திணிக்காதீர்கள், கைகால்களைப் பிடித்து அமுக்காதீர்கள். மூச்சு நின்றால் நெஞ்சை அழுத்தும் முதலுதவி.

ஒரு விதிவிலக்கு: கருமணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கி, மூச்சு மெதுவாகி, உதடு நீலமானால் உள்ளே போனது எம்டிஎம்ஏ மட்டும் இல்லை, ஓபியாய்டு (ஹெராயின், மார்ஃபின் வகை) இருக்கிறது. ஓபியாய்டை முறிக்கும் நலாக்சோன் மருந்து கைவசம் இருந்தால் அப்போதுதான் அதற்கு வேலை. வெறும் எம்டிஎம்ஏவுக்கு அதனால் பலன் இல்லை.

மருத்துவக் குழு வந்ததும் உண்மையைச் சொல்லுங்கள்: என்ன, எத்தனை, எத்தனை மணிக்கு, கூட என்ன, தினசரி மருந்து என்ன. மிச்ச மாத்திரை இருந்தால் காட்டுங்கள். வழக்கு வந்துவிடுமோ, வீட்டில் தெரிந்துவிடுமோ என்று "ஏதோ சாப்பிட்டது ஒத்துக்கல" என்று சொல்லி அரை மணி நேரத்தை வீணாக்கிவிடுகிறார்கள். மருத்துவர் எந்த ஊசி போடுவது, எவ்வளவு வேகமாகக் குளிர்விப்பது, உப்பு ஏற்றுவதா வேண்டாமா என்பதெல்லாம் நீங்கள் சொல்லும் அந்த ஐந்து பதிலில்தான் இருக்கிறது.

நீண்ட நாள் பாதிப்பு பற்றி இருபக்கமும் மிகைப்படுத்துகிறார்கள். 2002-ல் ஒரே இரவு எக்ஸ்டசி குரங்குகளின் டோபமின் நரம்புகளை அழிக்கிறது என்று பெரிய ஆய்வு ஒன்று வெளிவந்தது, மறுவருடமே திரும்பப் பெற்றார்கள், சோதனையில் கொடுத்தது எம்டிஎம்ஏ இல்லையாம், லேபிள் மாறிப்போன மெத்தாம்பெட்டமினாம். அதற்காகப் பாதிப்பே இல்லை என்று குதிக்க வேண்டாம், அடிக்கடி அதிகமாகப் போடுபவர்களின் நினைவாற்றல் சோதனை முடிவுகள் சராசரியாக மோசம்தான். ஆஸ்திரேலியாவில் 2023 முதல் மனநல மருத்துவர்கள் இதைச் சிகிச்சைக்குக் கொடுக்கிறார்களே என்று வாதாடுபவர்களும் உண்டு. அங்கே அளந்த, சுத்தமான மருந்து, பக்கத்தில் ரத்த அழுத்தக் கருவி. நடன அரங்கில் இந்த இரண்டும் இல்லை.

மறுநாள் வண்டி ஓட்டவிடாதீர்கள், தூங்கியிருக்கவே மாட்டார். சனிக்கிழமை இரவு போட்டவருக்கு ஞாயிறு சமாளித்துவிடும், செவ்வாய், புதன் வாக்கில்தான் இறங்கும்: எரிச்சல், காரணமில்லாத அழுகை, எதிலும் பிடிப்பில்லாமை. ஏற்கெனவே மனச்சோர்வு உள்ளவருக்கு இது ஆழமாகப் போகும், வாழவே பிடிக்கவில்லை என்று சொன்னால் தனியாக விடாமல் உதவிக்கு அழைத்துப் போங்கள். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் சாப்பாடும் தூக்கமும் ஒரு போன்காலும் போதும். அந்தக் கழிவறை நண்பனுக்கு நான் புதன்கிழமை போன் போட்டேன். எடுத்தான், முக்கால் மணி நேரம் தன் பழைய சைக்கிளைப் பற்றியே பேசினான், நடுநடுவே அழுதான், ஏன் அழுகிறான் என்று அவனுக்கும் தெரியவில்லை. நான் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் துணி மடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.