ஒட்டிப்போன ரேடியேற்றர் ஹோஸை மூக்கு உடையாமல் கழற்றுவது எப்படி

கிளிப்பைக் கழற்றியாயிற்று, இரண்டு கையாலும் பிடித்து இழுத்தும் பார்த்தாயிற்று, ஹோஸ் மட்டும் அசையவே இல்லை. முதன்முதலாக ஹோஸ் மாற்றுகிற எல்லோரும் வந்து நிற்கிற இடம் இதுதான். அடுத்ததாகப் பலர் பெரிய ஸ்குரூ ட்ரைவரை எடுத்து இடுக்கில் விட்டு நெம்புவார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள்.

எங்கள் மாமாவின் காருக்கு ஒரு கராஜில் அப்படித்தான் செய்தார்கள். புது ஹோஸ் போட்டுக் கொடுத்தபோது பார்க்க எல்லாம் சரியாகவே இருந்தது. பத்து நாள் கழித்து, கந்தளாய் தாண்டி ஹபரணைக்குப் போகிற காட்டுப் பாதையில், யானை கடக்கிற இடமாகப் பார்த்து சூட்டு முள் மேலே ஏறிவிட்டது. பொனட்டைத் திறந்தால், ஹோஸ் ஏறி உட்காருகிற அந்தக் குட்டைக் குழாய் இருக்கிறதே (இனி மூக்கு என்றே சொல்கிறேன்), அதன் அடியில் மயிரிழை போல ஒரு வெடிப்பு, அதற்குள்ளால் தண்ணீர் சீறிக்கொண்டிருந்தது. இன்றைய ரேடியேற்றர்களில் மேல் தொட்டியும் மூக்கும் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான், வருடக்கணக்கில் சூடுபட்டு முறுகிப் போயிருக்கும், நெம்பினால் தாங்காது. ஹோஸ் ஒன்று போனால் போகட்டும், மூக்கு போனால் முழு ரேடியேற்றரையும் மாற்ற வேண்டிவரும். கீழே சொல்கிற எல்லாமே மூக்கைக் காப்பாற்றத்தான்.

முதலில் ஆறவிடுங்கள்

ஓடிவந்த காரில் கைவைக்க வேண்டாம். ரேடியேற்றர் மூடி ஏறத்தாழ 1 பார் அழுத்தத்தை உள்ளே பிடித்து வைத்திருக்கும், அதனால் கூலன்ட் (எஞ்சினைக் குளிரவைக்கிற திரவம்) 120 பாகை செல்சியஸ் அளவுக்குக் கூடக் கொதிக்காமல் நிற்கும், மூடியைத் திறந்த அடுத்த கணம் முழுவதும் கொதித்து முகத்தில் அடிக்கும். காலையில், வெயில் ஏறுமுன், ஸ்டார்ட் பண்ணாத காரில் வேலையைத் தொடங்குங்கள். பற்றரியின் நெகற்றிவ் வயரையும் கழற்றி வையுங்கள், சில கார்களில் சாவி போடாமலே ஃபேன் சுற்றத் தொடங்கும்.

அப்புறம் ஒரு அகலமான பேசினைக் கீழே வைத்து, ரேடியேற்றரின் அடியில் உள்ள திருகை இளக்கி கூலன்டை வடியவிடுங்கள். சிறிய காரிலும் சில லீற்றர் வரும். அதை நிலத்தில் ஊற்றாதீர்கள். பொதுவாகக் கூலன்டில் இருக்கிற எதிலீன் கிளைக்கோல் இனிக்கும், நாயும் பூனையும் ஆசையாக நக்கும், கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகம் போய்விடும். திருகோணமலை டவுனுக்குள் மான்களும் தெருவில் திரிகிற ஊர் இது. பேசினை மூடியே வையுங்கள்.

கிளிப்

காதுபோல இரண்டு நுனி உள்ள வில் கிளிப் என்றால், குறட்டால் காதுகளை நெருக்கிப் பிடித்து மூக்கைத் தாண்டி ஹோஸின் நடுப்பக்கம் தள்ளிவிடுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், வழுக்கினால் தெறிக்கும். திருகு கிளிப் என்றால் இளக்கினால் போதும். உப்புக்காற்றில் திருகு துருப்பிடித்து இறுகியிருந்தால் அதோடு மல்லுக்கட்டாமல் வெட்டி எறிந்துவிட்டுப் புதிது வாங்குங்கள்.

இழுக்காதீர்கள், திருப்புங்கள்

ஹோஸ் ஏன் இப்படிப் பிடிக்கிறது என்று தெரிந்தால் கையும் சரியாக வேலை செய்யும். வருடக்கணக்கான சூட்டில் கிளிப் இறுக்கிய இறுக்கத்தில் ரப்பர் மூக்கின் மேற்பரப்போடு ஒன்றாகிவிடுகிறது. அலுமினிய மூக்கு என்றால் அதற்கும் ரப்பருக்கும் நடுவே வெள்ளைத் தூளாக அரிப்பு வளர்ந்து இன்னும் இறுக்கும். கூலன்டுக்குப் பதிலாகக் கடற்கரைப் பக்கத்து உவர்க் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி ஓடிய கார்களில் இது மோசமாகவே இருக்கும். நேராக இழுத்தால் ரப்பர் நீண்டு, விட்டம் ஒடுங்கி, மூக்கை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். அதனால்தான் திருப்ப வேண்டும்.

காய்ந்த துணியால் ஹோஸைச் சுற்றிப் பிடித்து, மூக்கை அச்சாக நினைத்து, இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் என்று திருப்புங்கள். கைக்கு மசியாவிட்டால் வாய் அகலமாகத் திறக்கிற குறட்டைத் துணிக்கு மேலே போட்டுத் திருப்பலாம். ஆனால் பிளாஸ்டிக் மூக்கு என்றால் குறட்டை நெரிக்காதீர்கள், ஹோஸ் வழுக்காத அளவு பிடித்தால் போதும். ஒட்டு விடுகிறபோது காய்ந்த ஓலை முறிவது போல மெல்லிய நொறுநொறுப்புச் சத்தம் கேட்கும், கைக்கும் தெரியும். அதற்குப் பிறகு திருப்பிக்கொண்டே இழுத்தால் வந்துவிடும்.

வரவில்லையா? பழைய சைக்கிள் ஸ்போக் ஒன்றை எடுங்கள். நுனியை அரத்தால் உருட்டையாக ராவி, அரை அங்குலம் லேசாக வளைத்துவிட்டால் கடையில் விற்கிற ஹோஸ் கொக்கிக்கு ஈடான சாமான் கைவசம். சவர்க்காரத் தண்ணீரில் தோய்த்து, ஹோஸின் விளிம்புக்கும் மூக்குக்கும் நடுவே மெதுவாக நுழைத்து, மூக்கைச் சுற்றி ஓட்டுங்கள். சவர்க்காரத் தண்ணீர் தன்பாட்டில் உள்ளே இறங்கும். இதற்கு மேலும் பிடிவாதம் பிடித்தால், ஹோஸின் நுனியில் துணியைச் சுற்றி, கொதித்து இறக்கிய தண்ணீரை அதன்மேல் ஊற்றி ஒரு நிமிடம் விடுங்கள். கன்னியா வெந்நீர்க் கிணற்றுச் சூடெல்லாம் போதாது, கேத்தல் தண்ணீர்தான் வேண்டும். லைட்டரும் காஸ் நெருப்பும் வேண்டவே வேண்டாம்.

புது ஹோஸ் போடப் போகிறீர்களா? வெட்டுங்கள்

பழையதைத் திரும்பப் போடப் போவதில்லை என்றால் இவ்வளவு பாடும் தேவையில்லை. மூக்கு முடிகிற இடத்துக்கு அப்பால் ஹோஸைக் குறுக்கே வெட்டி நீளத்தைக் குறையுங்கள். மிஞ்சிய துண்டில், மூக்கின் நீளவாக்கில், கத்தியால் ஒரு கீறல் போடுங்கள். ரப்பர் 4, 5 மில்லிமீற்றர் தடிப்பு இருக்கும், முக்கால்வாசி ஆழம் போதும். கத்தி மூக்கைத் தொட்டால் அந்தக் கீறல் வழியாகவே பிறகு தண்ணீர் கசியும். கீறிய இடத்தை மழுங்கிய ஒன்றால் பிளந்து, அவித்த பனங்கிழங்கை உரிப்பது போல உரித்தெடுங்கள்.

காருக்குள்ளே சூடாக்குகிற ஹீற்றருக்குப் போகிற ஹோஸ்களுக்கு நான் இதைத் தவிர வேறு வழியே சொல்ல மாட்டேன். நம் ஊர் வெயிலில் ஹீற்றரை யாரும் போடுவதில்லை, அதனால் ஜப்பானில் பூட்டிவந்த ஹோஸ் 20 வருடமானாலும் அப்படியே கிடக்கும், ஒட்டும் அதற்கேற்றபடி இருக்கும். அந்த ஹோஸ்கள் ஏறி உட்காருகிற ஹீற்றர் குழாய்களோ மெல்லிய தகடு. வளைந்தாலோ கழன்றாலோ டாஷ்போர்ட் முழுவதையும் பிரிக்க வேண்டிவரும். அங்கே குறடு போடவே கூடாது.

திரும்பப் பூட்டும்போது

மூக்கில் ஒட்டியிருக்கிற ரப்பரையும் வெள்ளைத் தூளையும் வடிவாகச் சுத்தம் பண்ணுங்கள். உலோகம் என்றால் 400 நம்பர் மட்டத்தாள், பிளாஸ்டிக் என்றால் பாத்திரம் தேய்க்கிற பச்சை நார். வழுக்கி ஏறுவதற்குக் கொஞ்சம் கூலன்டைத் தடவினால் போதும். கிரீஸும் எஞ்சின் ஒயிலும் பூசினால் இந்த வகை ரப்பர் ஊதிப்போகும். மூக்கின் நுனியில் ஒரு புடைப்பு வளையம் இருக்கும், கிளிப் அதைத் தாண்டி உட்பக்கமாக உட்கார வேண்டும், அதன் மேலேயே இருக்கக்கூடாது.

வடிந்த இடத்துத் திருகை இறுக்கி, பற்றரி வயரை மாட்டி, கூலன்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள் (கலந்தே விற்பது என்றால் தண்ணீர் சேர்க்க வேண்டாம்). மூடியைத் திறந்தபடியே, ஹீற்றரை முழுச் சூட்டில் வைத்து, எஞ்சினை ஓடவிடுங்கள். முகத்தைத் தள்ளியே வைத்திருங்கள். காற்று குமிழியாக வெளியேறும், மட்டம் இறங்க இறங்க நிரப்பி, ஃபேன் ஒருதரம் சுற்றி நின்றதும் மூடிவிடுங்கள்.

நிலாவெளி வரை ஒரு ஓட்டம் போய் வந்து, ஆறவிட்டு, கிளிப்பின் கீழே விரலால் தடவிப் பாருங்கள். இரவு எஞ்சினுக்கு நேர் கீழே ஒரு அட்டைப்பெட்டித் துண்டை விரித்து வையுங்கள். ஒரு துளி விழுந்திருந்தாலும், எந்த ஹோஸ் பக்கம் என்று விடிய அந்த அட்டை காட்டிவிடும்.