பீப் ஒலியை நம்பாதீர்கள்: சோலார் பிரேமில் எர்த் சோதனை

தூத்துக்குடிப் பக்கம் மாடிகளில் சோலார் வேலை பார்ப்பவன் நான். இந்த உப்புக்காற்றில் இரண்டு மழைக்காலம் கண்ட எர்த் இணைப்பை, அதாவது பேனலின் அலுமினியச் சட்டத்தை (பிரேம்) நிலத்தோடு சேர்க்கும் இணைப்பை, கண்ணால் பார்த்து ‘சரி’ என்று சொல்லமாட்டேன். மீட்டர் வைத்தே தீருவேன்.

இன்வெர்ட்டரை நிறுத்தி, முதலில் ஏசி சுவிட்சையும் பிறகு டிசி ஐசொலேட்டரையும் (பேனல் பக்க மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) அணையுங்கள். அணைத்தாலும் வெயில் இருக்கும்வரை பேனலில் மின்னழுத்தம் இருக்கும். தொடராகக் கோர்த்த பத்துப் பேனலில் 400 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். ஆகவே மின்காப்புக் கையுறை அணிந்து, பிரேமுக்கும் எர்த் குழிக்கும் நடுவே முதலில் டிசி, பிறகு ஏசி வோல்ட் பாருங்கள். அங்கே வோல்ட் நின்றால் ஓம் (தடை) சோதனை வேண்டாம்; கசிவு எங்கே என்று தேடுவதுதான் முதல் வேலை.

எர்த் குழியின் மின்முனையிலிருந்து மாடிக்கு ஒரு தனிக் கம்பி இழுத்துக்கொள்ளுங்கள். அதன் தடையை முன்பே அளந்து குறித்துவையுங்கள். 20 மீட்டர் நீள, 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியே கால் ஓம் காட்டும். கடைசியில் இதைக் கழிக்க வேண்டும்.

மீட்டரின் ஒரு முனையை இந்தக் கம்பியில் இணைத்துவிடுங்கள். மறுமுனையைப் பிரேமின் பளபளப்பான பரப்பில் வைத்தால் ஒன்றும் காட்டாது. அலுமினியத்தின் மேல் ஏற்றிய ஆக்சைடு பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. எர்த் குறியிட்ட துளையில் மாட்டிய போல்ட்டில் வையுங்கள். பிரேமைச் சுரண்டாதீர்கள், சுரண்டிய இடம் அரிக்கும்.

பல மீட்டர்கள் 30 ஓம் இருந்தால்கூட ‘பீப்’ என்று கத்தும். எண்ணைப் பாருங்கள், கம்பியின் தடையைக் கழித்தபின் ஒரு ஓமுக்குள் வரவேண்டும். முனைகளை மாற்றிவைத்தால் எண் மாறுகிறதா? எங்கோ மின்னழுத்தம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

ஒரு வீட்டில் முதல் ஆறு பேனலும் 0.4 காட்டின. ஏழாவதில் மீட்டர் ‘திறந்த சுற்று’, அதாவது இணைப்பே இல்லை, என்றது. குனிந்து பார்த்தேன்: பேனல்களைத் தாங்கும் சட்டமான ரெயில் இரண்டு துண்டு, இணைப்புத் தகடும் பூச்சுள்ள அலுமினியம், எர்த் கம்பியோ முதல் துண்டில் மட்டும். கடைசி நான்கு பேனலும் எர்த்தே இல்லாமல் நின்றிருந்தன. இணைப்பைத் தாண்டி ஒரு ஜம்பர் கம்பி, பூச்சைக் கிழிக்கும் பல் வாஷர், வெள்ளீயம் பூசிய லக் (கம்பி நுனியில் மாட்டும் உலோக முனை), அரைமணி வேலை. வெறும் செம்பை அலுமினியத்தில் முறுக்கிவிடாதீர்கள், இங்கே அந்த இடத்து அலுமினியம் விரைவில் அரித்து வெள்ளைத் தூளாகிவிடும். எப்போதும் குழிக்கு மிகத் தொலைவிலுள்ள பேனலிலிருந்து தொடங்குங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

குழியைச் சோதிக்க எர்த் டெஸ்டர் (மண்ணின் வழியே எர்த் தடையை அளக்கும் கருவி) வேண்டும். வெயில் ஏறுமுன் குழியின் கம்பியைக் கழற்றி, குழியிலிருந்து ஒரே நேர்கோட்டில் 30 மீட்டரில் டெஸ்டரின் ஒரு ஆணி, ஏறத்தாழ 18.5 மீட்டரில் இன்னொன்று அடியுங்கள். நடு ஆணியை இரண்டு மீட்டர் இப்படியும் அப்படியும் நகர்த்தினாலும் அளவு பெரிதாக மாறக்கூடாது. சிமென்டு போட்ட தெருக்களில் ஆணி அடிக்க இடம் தேடுவதே பாதி வேலை. 5 ஓமுக்குள் வந்தால் நான் ஏற்றுக்கொள்வேன். முடிந்ததும் கம்பியை மறக்காமல் மாட்டுங்கள்.

கார்த்திகை மழையில் எந்தக் குழியும் நல்ல எண்தான் தரும். சித்திரையில் அளந்து, தேதியோடு டிசி பெட்டிக் கதவின் உள்பக்கம் எழுதிவையுங்கள்.