செஃபலூவுக்கு ஒரு நாள்: முதலில் எது, பிறகு எது

இத்தாலியின் சிசிலித் தீவின் வடகரையில், தீவின் தலைநகரான பாலெர்மோவுக்குக் கிழக்கே இருக்கிறது செஃபலூ. சின்ன ஊர்தான், ஒரு நாள் போதும். ஆனால் எங்கே எப்போது போவது என்ற வரிசை தப்பினால், உச்சிவெயிலில் மலையேறி, சாத்திய கதவின் முன் நிற்க நேரிடும்.

1. ரயில்
பாலெர்மோ சென்ட்ராலே நிலையத்தின் அறிவிப்புப் பலகையில் செஃபலூ பெயர் பெரிதாக இருக்காது. இது மெஸ்ஸினா போகும் தடத்தில் நடுவில் வரும் ஊர். பலகையில் ரயில் போய்ச் சேரும் ஊரின் பெயர்தான் இருக்கும். காகிதச் சீட்டு வாங்கினால், ஏறும் முன் நிலையத்தில் உள்ள சிறு எந்திரத்தில் செருகி முத்திரை பதித்துவிடுங்கள். மறந்தால், சீட்டு கையில் இருந்தும் அபராதம். பயணம் 1 மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இடப்பக்க சன்னலோரம் பிடித்தால் கடலைப் பார்த்தபடி போகலாம். இறங்கியதும் திரும்பும் ரயிலின் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. லா ரோக்கா
ஊரின் முதுகுப்புறம் எழும் சுமார் 270 மீட்டர் சுண்ணாம்புப் பாறை இது. காலையிலேயே ஏறிவிடுங்கள், மேலே நிழல் குறைவு. பாதையில் உள்ள கற்கள் கால்பட்டுக் கால்பட்டு வழவழப்பாகிவிட்டன, செருப்போடு போனால் இறங்கும்போது சறுக்கும். பிடிமானமுள்ள காலணியும் ஆளுக்கு 1 லிட்டர் தண்ணீரும் வேண்டும். மழை பெய்து ஈரமாக இருந்தால் ஏறவே வேண்டாம். உச்சிவரை முடியாதவர்கள் பாதி வழியில் உள்ள டயானா கோவிலோடு திரும்பலாம். பெரும் கற்களை அடுக்கிய அந்தச் சுவர்களைப் பார்க்கவே அவ்வளவு தூரம் ஏறலாம்.

3. பேராலயம்
மதிய இடைவேளைக்கு முன் உள்ளே போய்விடுங்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும்; கடற்கரை உடையில் வந்தால் வாசலிலேயே நிறுத்துவார்கள். சிசிலி மன்னர் இரண்டாம் ரோஜர் 1131இல் கட்டத் தொடங்கியது. பாலெர்மோவுக்கு அருகே, சுவரெங்கும் பொன் மொசைக் (சிறு துண்டுகளைப் பதித்து ஆக்கிய சித்திரம்) நிறைந்த மோன்ரியாலே பேராலயத்தைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு இங்கே நடுக்கூடத்தின் வெறுஞ்சுவர் ஏமாற்றமாக இருக்கும். இங்கே பொன் மொசைக் பீடப் பகுதியோடு நின்றுவிட்டது. நேராகப் பீடத்துக்கு அருகே போய் அண்ணாந்து பாருங்கள். வளைகூரையில் இயேசு, நெற்றியில் விழுந்திருக்கும் இரண்டு மயிரிழைகளைக்கூட எண்ணலாம். கையில் விரித்த நூலில், ஒரு பக்கம் கிரேக்கம், மறுபக்கம் லத்தீன்: "உலகின் ஒளி நானே." 1148 என்ற ஆண்டும் அங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது. பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசு) கலைஞர்களின் கைவேலை. இதற்கு அரை மணி நேரமாவது கொடுங்கள்.

4. துவைதுறை
விட்டோரியோ இமானுவேலே தெருவிலிருந்து வளைந்து இறங்கும் படிகள், இடைக்காலத் துவைதுறைக்குப் போகின்றன. இரும்புச் சிங்கவாய்களிலிருந்து தண்ணீர் கொட்டும், கல் தொட்டிகளில் துணி தேய்க்கும் சாய்வு அப்படியே இருக்கிறது. 10 நிமிடம் போதும்.

5. மாண்ட்ரலிஸ்கா அருங்காட்சியகம்
15ஆம் நூற்றாண்டுச் சிசிலி ஓவியர் அந்தோனெல்லோ தா மெஸ்ஸினா வரைந்த, புன்னகைக்கும் மனிதனின் ஓவியத்துக்காகவே பலர் வருகிறார்கள். கி.மு. 4ஆம் நூற்றாண்டுக் கிரேக்கச் சாடியைத் தவறவிடாதீர்கள்: சூரை மீனை வெட்டும் வியாபாரி, எதிரே கையில் காசோடு வாங்க வந்தவர்.

6. மாலை
போர்த்தா பெஸ்காரா வளைவு வழியாகப் பழைய துறைமுகத்துக்கு இறங்குங்கள். ஆகஸ்ட் 6இல் வருபவர்கள் முன்னதாகவே இடம் பிடிக்க வேண்டும். அன்று கடலுக்கு மேல் கிடையாக நீட்டிய, வழுக்கும் மசகு பூசிய மரத்தில் நடந்து, நுனியில் உள்ள கொடியைப் பறிக்கப் போட்டி நடக்கும். நம் ஊர் வழுக்குமரத்தைப் படுக்கவைத்தது போல.